மூட்டையில் எழுதிய நார்ச்சத்து

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. ராஜபாளையத்தில் ஒரு மாட்டுத்தீவனத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் காலமெல்லாம் வேலை பார்த்துவிட்டுச் சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். அந்த வேலையால் இப்படி ஆனேனா, இப்படி இருந்ததால்தான் அந்த வேலையில் நிலைத்தேனா என்பது எங்கள் வீட்டில் இன்னும் தீராத வழக்கு. கல்யாண வீட்டில் சாம்பார் வாளி வந்தால்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் இலையில் ஊற்றச் சொல்வேன். "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கு என்னைய மட்டும் சாம்பிள் எடுக்காம விட்டுட்டா" என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். எடுக்காமல் விட்டேன் என்று யார் சொன்னது?

போன மாதம் செல்வி போன் செய்தாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். ஆய்வகத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். ஒரு கிண்ணத்தில் தீவனத்தைப் போட்டு உள்ளே தள்ளினால் செத்த நேரத்தில் புரதம், நார், ஈரம் எல்லாம் திரையில் வந்துவிடுமாம். "எஸ்தரக்கா, சக்கை லோடு ஒண்ணு வந்து நிக்குது. மெஷின் சரிங்குது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல" என்றாள். என்னமோ மாதிரி இருந்தால் லாரியை நிறுத்து, டிரைவர் கத்தினால் கத்தட்டும், கொதிதண்ணீரை ஊற்றி மோந்து பார் என்றேன். போனை வைக்கும்போது, "நீங்க எதையெல்லாம் சந்தேகப்பட்டீங்கன்னு எழுதிக் குடுங்கக்கா" என்று கேட்டாள். எல்லாவற்றையும் எழுதுவதென்றால் அந்த லாரி நிறையக் காகிதம் வேண்டும். ஆகவே, சக்கை சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுகிறேன்.

சக்கை என்றால் கரும்புச் சக்கை இல்லை. மக்காச்சோளத்தையும் குருணை அரிசியையும் அரைத்து, வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து ஆல்கஹால் எடுக்கிறார்கள். முன்பு குடிப்பதற்கு எடுத்தார்கள், இப்போது பெட்ரோலில் கலப்பதற்கும் எடுக்கிறார்கள். ஆல்கஹால் போன பிறகு அடியில் தங்குவதைக் காயவைத்து மூட்டை கட்டி அனுப்புவார்கள். காகிதத்தில் அதற்கு டிடிஜிஎஸ் என்று பெயர், எங்கள் வாயில் சக்கை. ஈஸ்ட் தின்பது மாவுச்சத்தை மட்டும்தான். தானியத்தில் முக்கால்வாசி அதுதான். அது போய்விட்டால் மிச்சமிருக்கும் புரதம், எண்ணெய், நார் எல்லாம் ஏறக்குறைய மூன்று மடங்காகத் தெரியும். நிறையப் பேர் இருந்த வீட்டில் பெரும்பாலானவர்கள் கிளம்பிப் போய்விட்டால் மிச்சமிருப்பவர் பேச்சுத்தானே வீடு முழுக்கக் கேட்கும், அப்படி. நல்லது மட்டும் மூன்று மடங்காகாது. தானியத்தில் பூஞ்சை விஷம் இருந்தால் அதுவும் மூன்று மடங்கு. இதனால்தான் சக்கை லோடு வந்தாலே எனக்குக் கவலை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்தக் கவலை எதுவும் இல்லை. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்திருந்தேன். கல்லூரியில் உப்பைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், தவிட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் கண்ணாடிப் பாத்திரம் கழுவினேன், பிறகு எடை போட்டேன், பிறகு அடுப்பருகே நின்றேன். அவ்வளவுதான் என் பயிற்சிக்காலம். அதற்குப் பிறகு நான் கற்றதெல்லாம் ராஜா சார் என்ற மனிதரின் சந்தேகத்துக்குப் பக்கத்தில் நின்று கற்றது.

ராஜா சார் எங்கள் தலைமை வேதியியலாளர். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் மட்டும் "ஏமம்மா" என்று ஆரம்பிப்பார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். சப்ளையர்கள் யாரும் கைகொடுத்துவிடக் கூடாதே என்றுதான் அப்படி நடக்கிறார் என்று ஆய்வகத்தில் பேச்சு. சப்ளையர் வந்திருக்கும் நேரத்தில் காபிகூடக் குடிக்க மாட்டார். குடித்தால் வாசனை தெரியாதாம். லாரி வந்தால் டிரைவர் அவிழ்த்துக் காட்டும் மூட்டையைத் தொடவே விடமாட்டார். நடு வரிசையில், அடியில் கிடக்கும் மூட்டையை உருவச் சொல்லி அதில்தான் குத்தூசியைச் செருகி மாதிரி எடுக்க வேண்டும். டிரைவர்கள் அவரை வாய்க்குள்ளேயே வைவார்கள்.

எங்களையும் அவர் நம்பியதில்லை. ஒரே மாதிரியை இரண்டு பொட்டலமாகக் கட்டி, வேறு வேறு எண் போட்டு, வேறு வேறு கிழமையில் தருவார். இரண்டு முடிவும் ஒன்றாக வந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். வேறாக வந்தால், "சரி, மறுபடி பாரு" என்பார். திட்டு என்றால் அதுதான். இந்தத் தந்திரம் எனக்குப் புரிந்ததும், வாங்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் பழைய பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அவர் என்னைச் சந்தேகப்பட, நான் அவரைச் சந்தேகப்பட, நாங்கள் நல்ல மரியாதையோடு பல வருடம் ஓட்டினோம்.

நார் பார்க்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். தீவனத்தை மாவாக அரைத்து, எண்ணெயை எடுத்துவிட்டு, நீர்த்த அமிலத்தில் அரை மணி கொதிக்கவைப்போம். வடிகட்டிக் கழுவி, நீர்த்த காரத்தில் இன்னொரு அரை மணி. மறுபடி வடிகட்டி, காயவைத்து, எடை போட்டு, உலையில் எரித்துச் சாம்பலைக் கழித்தால் எவ்வளவு நார் என்று தெரியும். கொதிக்கும்போது நுரை பொங்கும். கண்ணாடிச் சுவரில் தூள் ஒட்டும், அதை ஆட்டி ஆட்டிக் கீழே இறக்க வேண்டும். அசந்தால் ஒட்டிய தூள் வேகாமல் நாராகக் கணக்கில் ஏறிவிடும். "கண்ணாடில ஒட்டுனது பொய் சொல்லும்மா" என்பார் ராஜா சார், அடுப்புப் பக்கம் வரும்போதெல்லாம்.

ஒருமுறை சக்கை லோடு ஒன்றில் புரதம் அள்ளிக்கொண்டு வந்தது. ஆய்வகத்தில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ராஜா சார் முகம் மட்டும் சுருங்கியது. "இம்புட்டு நல்லவனா இவன்?" என்றார் சப்ளையரை நினைத்து. சக்கையோடு சோயா மாவைச் சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி மூடி வைக்கச் சொன்னார். கொஞ்சம் பொறுத்துத் திறந்தால் கழிப்பறை நாற்றம் மூக்கைப் பிய்த்தது. யூரியா! வறுக்காத சோயா மாவு அதை அம்மோனியாவாக உடைத்துக் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் சோதனை நைட்ரஜனைத்தான் எண்ணும். அது புரதத்திலிருந்து வந்ததா, உர மூட்டையிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது. அன்று லாரி திரும்பிப் போனது. எண் சரியாக இருந்தால் அதையும் சந்தேகப்பட வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. ஆனால், முழுசாகப் புரிந்தது பேச்சியம்மாள் வந்த பிறகுதான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, சக்கை கலந்த புதுத் தீவனம் ஒன்றை எங்கள் கம்பெனி சந்தைக்கு விட்டிருந்தது. ஒருநாள் மதியம் வாட்ச்மேனோடு சண்டை போடும் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், காலி மூட்டை ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே விடச் சொன்னேன். வந்ததும் மூட்டையை என் மேஜையில் உதறினாள்.

"யம்மா, நீங்கதான் இதுல என்னத்தப் போடணும்னு சொல்லுதவுகளா?"

"போட்டது சரியான்னு பாக்குறவ நான். என்ன விஷயம்?"

"சாராயம் காச்சுன சக்கைய எம்மாட்டுக்குப் போட்டிருக்கீகளாம். எங்கூர்ல பேசிக்கிடுதாக. எம்புருசன் குடிச்சது பத்தாதுன்னு எம்மாடும் குடிக்கணுமா? மூணு மாடும் கண்ணச் சொருகிட்டு மந்திரிச்சு விட்டாப்புல கெடக்கு. பால்ல கொழுப்பு பாதியாப் போச்சு. நான் ஆடைய எடுத்துட்டுப் பாலு ஊத்துதேனாம். சங்கத்துல எம்பேர போர்டுல எழுதிப்புட்டாக!"

அவள் அழவில்லை, மூட்டையைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

பேர் பேச்சியம்மாள். கூமாப்பட்டிக்கு முந்தின ஒரு சின்ன ஊர் அவளுக்கு. நிலம் கிடையாது, மூன்று கறவை மாடுகள்தான் பிழைப்பு. ஊர்ப் பால் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறாள். சங்கத்துப் பால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்குப் போகிறது. கொழுப்பு குறைந்தது, பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டர் டிகிரி மட்டும் குறையவில்லை, கொஞ்சம் கூடியேகூட இருந்தது. தண்ணீர் கலந்தால் டிகிரி இறங்கும். கொழுப்பு குறைந்து டிகிரி ஏறினால் ஆடை எடுத்த பால் என்றுதான் எந்தச் சங்கத்திலும் சொல்வார்கள். சங்கத்துச் செயலாளர் குருசாமி அவளுடைய பாலை வாங்க மறுத்துவிட்டார். வாசலில் இருந்த கரும்பலகையில் 'ஆடை எடுத்த பால்' என்று எழுதி அதன் கீழே அவள் பெயரைச் சாக்பீஸால் எழுதியிருந்தார். அந்த ஊரில் எல்லாரும் காலையும் மாலையும் அந்தப் பலகைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள்.

சக்கையில் ஆல்கஹால் மிஞ்சாது, காய்ச்சும்போதும் உலர்த்தும்போதும் போய்விடும் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. நானும் அவளை நம்பவில்லை, அதை ஒளிப்பானேன். ஆடை எடுத்து வெண்ணெய் விற்றுவிட்டுத் தீவனத்தின் மேல் பழிபோட்டவர்களை அதற்கு முன்பு பார்த்திருக்கிறேன்.

மூட்டை மூலையில் ஒட்டியிருந்த தூளையும், அதே தயாரிப்பிலிருந்து எடுத்து வைத்திருந்த மாதிரியையும் வைத்து எல்லாச் சோதனையும் செய்தோம். யூரியா இல்லை. பூஞ்சை விஷம் இல்லை. நார் எங்கள் பழைய தீவனத்தைவிட அதிகமாகவே இருந்தது. ராஜா சார் வழக்கம்போல அதே மாதிரியை வேறு எண் போட்டு மறுபடி தந்தார், கண்டுபிடித்துவிட்டேன், இருந்தும் செய்தேன். அதே எண்தான்.

"என்ன சார், அந்தம்மா பொய் சொல்லுதா?" என்றேன்.

ராஜா சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றார். "அந்தம்மா சொல்றத நம்பாதே. சங்கத்துக்காரன் சொல்றதையும் நம்பாதே. நம்ம எண்ணையும் நம்பாதே. போய் உக்காந்து பாரு" என்றார்.

கம்பெனி ஜீப்பில் போனேன். போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தப் பால்கோவாக் கடையில் இறங்கினேன். பின்கட்டில் வாணலிக்கு முன்னால் நின்று துடுப்பு போட்டுக்கொண்டிருந்தவர், "அந்தச் சங்கத்துப் பாலு முன்ன மாதிரி இறுகி வரமாட்டேங்குது. கிண்டிக் கிண்டிக் கை விட்டுப் போவுது" என்றார். அவர் சொன்னதையும் பாதிதான் எடுத்துக்கொண்டேன். ஒரு பெண்ணின் மூன்று மாட்டுப் பாலால் சங்கத்துப் பால் முழுக்கவா கெடும்? இறுகாத கோவாவுக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அன்று சாயங்காலக் கறவைக்குப் பேச்சியம்மாள் வீட்டுத் தொழுவத்தில் இருந்தேன். குருசாமியையும் வரவழைத்திருந்தேன். விறைப்பான சட்டை போட்ட, பேச்சில் விட்டுக்கொடுக்காத மனிதர். பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னேன். பேச்சியம்மாளின் கையைக்கூடப் பார்த்தேன். கறந்துகொண்டே வந்தவள் நிறுத்தியதும், "மடியை முழுசாக் கறங்க" என்றேன். கன்றுக்கென்று கடைசிப் பாலை விடுவது வழக்கம். கொழுப்பு அதிகம் இருப்பது அந்தக் கடைசிப் பாலில்தான். அதை விட்டுவிட்டால் ஆடை எடுக்காமலே கொழுப்பு குறையும். அவள் சொட்டுச் சொட்டாக ஒட்டக் கறந்தாள். நான் கண் எடுக்காமல் பார்த்திருந்தேன். அங்கேயே மாதிரி எடுத்து, என் கையிலேயே பிடித்துக்கொண்டு சங்கத்துக்கு நடந்தேன். பாலைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அமிலம் சேர்த்து, கொழுப்பு பிரிய அதைச் சுற்றவிட்டு எடுத்தால் கொழுப்புக் கோடு குழாய்க் கழுத்தின் அடியிலேயே நின்றது.

ஆக, ஆடை எடுக்கவில்லை. என் கண்ணெதிரில் கறந்த பாலே இப்படித்தான் இருந்தது. குருசாமி அதற்கும் அசரவில்லை.

"சரி, மாடே இப்படித்தான்னா முந்தி எப்படி நல்ல கொழுப்பு வந்துச்சு? பக்கத்து வீட்டு எருமைப் பால வாங்கிக் கலந்திருப்பா. இப்ப எரும வத்திருச்சு, குட்டு வெளிப்பட்டிருச்சு" என்றார்.

எனக்கே பிரமிப்பாக இருந்தது. சந்தேகத்தில் என்னையும் ராஜா சாரையும் தூக்கிச் சாப்பிடுகிற ஆள்!

பேச்சியம்மாள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் எங்கதான் போய் எம்பேர அழிக்க?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குத் திரும்பினாள். நானும் பின்னாலேயே போய் அங்கே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல இல்லை. நான் போன பிறகு என்ன செய்கிறாள் என்று பார்க்கத்தான்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. செய்யாததை மாடுகள்தான் காட்டின. மூன்றும் படுத்துக் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடந்தன. தாடை அசையவில்லை. தின்றுவிட்டுப் படுத்த மாடு அசை போட வேண்டும். ஒன்று சும்மா இருக்கலாம், மூன்றும் சேர்ந்தா சும்மா இருக்கும்? எழுந்து போய்ச் சாணியைப் பார்த்தேன். கூழாகக் கிடந்தது. மாவு சலிக்கிற பழைய சல்லடை ஒன்றை வாங்கி, அதில் சாணியை அள்ளிப் போட்டுக் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். பேச்சியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சல்லடையில் தங்கியது நொய்யும் பொடியும்தான். ஒரு துரும்பு இல்லை.

தொட்டியை எட்டிப் பார்த்தேன். தீவனம் கரைத்த தண்ணீர் இருந்தது. "வைக்கோல் எங்க?" என்றேன்.

"வைக்கோலா? அதான் மூட்டையிலயே இருக்கே."

"என்னது?"

சுவரோரமிருந்த முழு மூட்டையைத் திருப்பிக் காட்டினாள். கொழுத்த மாட்டுப் படத்துக்குக் கீழே பச்சை எழுத்தில், 'நார்ச்சத்து நிறைந்தது' என்று இருந்தது. விற்பனைப் பிரிவு அச்சடித்த வரி அது. ஆய்வகத்தில் எங்களிடம் வருவது தீவனம் மட்டும்தான், மூட்டை வருவதில்லை.

"நாருன்னா வைக்கோலுதான யம்மா? அதத்தான் நீங்க மெஷின்ல அரைச்சு உள்ள போட்டிருக்கீகன்னு நெனச்சேன். மழ இல்ல, கம்மாயும் வத்திப் போச்சு. அவிய அவிய வயக்காட்டு வைக்கோல அவிய அவிய மாட்டுக்கு வச்சுக்கிட்டாக. நமக்கு மூட்டையிலயே வந்திருச்சேன்னு சாமி கும்பிட்டேன்!"

எனக்கு அந்த இடத்திலேயே உடம்பெல்லாம் எரிந்தது. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று இல்லை. காய்ச்சி, வடித்து, எரித்து நான் கண்டுபிடித்த எண்ணை எவனோ எடுத்து இந்தப் பெண்ணிடம் வைக்கோல் என்று விற்றிருக்கிறானே என்று.

எண் பொய் இல்லை. தானியத்தின் நார் ஆல்கஹால் ஆலையில் அழிந்துபோகவில்லை, மாவுச்சத்து போனதால் மூன்று மடங்காகத்தான் தெரிந்தது. ஆனால், அந்த நார் மாவாக அரைபட்டு, வெந்து, புளித்து, உலர்ந்து வந்தது. மாட்டின் வயிற்றில் அது தூள். மாட்டுக்கு வேண்டியது பல்லுக்கு வேலை வைக்கும் நீள நார். அதை மென்று அசை போட்டால்தான் எச்சில் ஊறும், எச்சில் இறங்கினால்தான் வயிற்றுப் புளிப்பு தணியும். வயிற்றில் வைக்கோலைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்கள்தான் பாலின் கொழுப்புக்குச் சரக்குக் கொடுப்பவை. வைக்கோல் இல்லை என்றால் அவை அடங்கிப்போகும். போதாக்குறைக்கு மக்காச்சோள எண்ணெயும் சக்கையில் மூன்று மடங்கு. அதுவும் சேர்ந்து கொழுப்பை இறக்கும். மற்ற வீடுகளில் மூட்டையோடு வைக்கோலும் போட்டார்கள், தப்பித்தார்கள். மூட்டையை எழுத்துக்கு எழுத்து நம்பியவள் இவள் ஒருத்திதான், திருடி என்று பேர் வாங்கியவளும் இவள்தான்.

மறுநாள் ராஜா சாரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "சாணியக் கழுவுனியா?" என்று ஒருமுறை கேட்டார், "கழுவுனேன்" என்றேன். காலி மூட்டையை எடுத்துக்கொண்டு விற்பனை மேலாளர் அறைக்கு நடந்தார். அன்றைக்குத்தான் அவர் கைகள் பின்னால் இல்லாமல் பார்த்தேன். நானும் பின்னால் போனேன்.

"இந்த வரிய எந்த அடுப்புல காய்ச்சிப் பாத்தீங்க?" என்றார் மேலாளரிடம்.

"உங்க ரிப்போர்ட்லதான் சார் நார் அதிகம்னு இருக்கு."

"ஏமய்யா, என் ரிப்போர்ட்ட மாடு படிக்குமா?"

பேச்சு வளர்ந்தது. மூட்டையை மாற்றினால் நம் மேல் தப்பு என்று ஒத்துக்கொண்டது போல ஆகுமே என்று மேலாளர் இழுத்தார். கடைசியில், அடுத்த அச்சில் வரியை எடுப்பது, அதுவரை 'வைக்கோலை நிறுத்தாதீர்கள்' என்ற சீட்டை மூட்டை வாயில் வைத்துத் தைப்பது என்று முடிவானது. பேச்சியம்மாளுக்குக் கம்பெனி செலவில் ஒரு வண்டி வைக்கோல் இறக்க வேண்டும் என்று ராஜா சார் பிடித்த பிடியில் நின்று வாங்கினார்.

வைக்கோல் போட்டதும் மாடுகள் அசை போட ஆரம்பித்தன. நாள் போகப் போகச் சாணி கெட்டியானது, கொழுப்பும் ஏறி வந்தது. நான் பேச்சியம்மாளோடு சந்தோஷமாகச் சங்கத்துக்குப் போனேன். பலகையில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

"பாத்தீகளா? எரும மறுபடி கன்னு போட்டிருச்சு போல" என்றார் குருசாமி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் நுண்ணுயிர், எச்சில் என்று விளக்க ஆரம்பித்தேன். "நீங்க தீவனக் கம்பெனி ஆளு. உங்க தீவனத்துக்குக் கெட்ட பேரு வராம இருக்க அவளுக்கு வக்காலத்து வாங்குதீக" என்று வெட்டிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

பேச்சியம்மாள் பால் கேனைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன். உங்க வீட்டுலயும் மாடு நிக்கி. உங்க தொழுவம், உங்க வேலி, எங்க மதினி கை. வைக்கோல நிறுத்திப்புட்டு இதே மூட்டைய மட்டும் போடுங்க. எம்மாட்டுக்கு ஆனது உங்க மாட்டுக்கு ஆகலேன்னா நானே எம்பேர இன்னும் பெருசா எழுதிட்டுப் போறேன்."

வரிசை முழுக்க அவரைப் பார்த்தது. "பாத்துருவோம்" என்றார் குருசாமி.

மாட்டைக் கெடுக்கும் சோதனைதான். எனக்கு மனசு கேட்கவில்லை. மாடு மந்தமானால் அன்றைக்கே வைக்கோலைப் போட்டுவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் பேச்சியம்மாளே போன் செய்து கூப்பிட்டாள். போய்ச் சேர்ந்தபோது சாயங்கால வரிசை நின்றது. குருசாமியின் மனைவி முத்தம்மா தன் வீட்டுப் பாலோடு வந்திருந்தாள். குழாய் சுற்றி நின்றது. குருசாமி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கொழுப்புக் கோடு அடியில் நின்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாளையும் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார்.

"ஏட்டி, நீ ஆடைய கீடைய எடுத்தியா?"

முத்தம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எடுத்தேன்! எடுத்து எங்காத்தா வீட்டுக்குக் குடுத்தனுப்புனேன்! எழுதுங்க, எம்பேரையும் போர்டுல எழுதுங்க! இத்தன வருசம் சோறு போட்டவ நான், என்னையக் கேக்குதாரு பாருங்க! பேச்சியக் கேட்டது ஒரு ஆச்சரியமா?" என்று கத்திக்கொண்டே போய் முந்தானையை இழுத்துப் பலகையைத் துடைக்கப் போனாள்.

"நில்லுங்க மதினி" என்றாள் பேச்சியம்மாள். "எழுதுனவுகளே அழிக்கட்டும்."

குருசாமி குழாயை மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் கையாலேயே அழித்தார். சாக்பீஸ் பொடி விறைப்பான சட்டையில் கொட்டியது. பேச்சியம்மாளின் பாலை அன்றைக்கே வாங்கினார்கள். அவளோ குழாய் சுற்றி முடிந்து, கோட்டைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறாளாம். முத்தம்மாவும் பக்கத்தில் நிற்கிறாளாம்.

ஜீப்பில் ஏறும்போது பேச்சியம்மாள் ஒரு தம்ளரில் சூடாகப் பால் கொண்டுவந்தாள். வாங்கியதும் பழக்கதோஷத்தில் மோந்து பார்த்துவிட்டேன். எனக்கே வெட்கமாகப் போனது. அவள் சிரித்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டா யம்மா? நான் உங்க ஆபீசுக்கு வந்தன்னைக்கு என்னைய நம்புனீகளா?"

பொய் சொல்ல வரவில்லை. "இல்ல" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள் அவள். "எங்கூர்ல என்னைய நம்புனவுக நெறையப் பேரு இருந்தாக. பேச்சி அப்படிச் செய்ய மாட்டான்னு சொல்லிட்டு அவுகவுக வீட்டுக்குப் போயிட்டாக. சந்தேகப்பட்ட நீங்கதான் வந்து சாணியக் கழுவிப் பாத்தீக."

பாலைக் குடித்தேன். நல்ல கெட்டியாக இருந்தது.